வெட்டுப்படாத டை

வோல்க்மார் எஷ் அன்று காலை தன் அலமாரியிலேயே மிக அசிங்கமான டையைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொண்டார். பழுப்பு நிறம், அதில் ஆரஞ்சு வட்டங்கள். எந்தக் காலத்திலோ யாரோ கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. கார்னிவல் வாரத்து வியாழக்கிழமையில் ரைன் நதிக்கரையில் புத்தியுள்ள எந்த ஆணும் நல்ல டையோடு வெளியே கிளம்ப மாட்டான். அன்று ஊர் பெண்களுடையது. கத்தரிக்கோலோடு அலைவார்கள். டையைக் கண்டால் பாதியில் நறுக்கிவிட்டு, கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நறுக்கப்பட்டவன் மிச்சத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பெருமையாகத் திரிவான்.

இதெல்லாம் பாரிஸ் தலைமையகத்துக்குத் தெரியாது. தெரியாததால்தான் கிலேன் தெப்ரே என்கிற வியூகப் பிரிவுத் தலைவர் நகராட்சி மருத்துவமனைச் சந்திப்பை அந்த வியாழக்கிழமையில், அதுவும் ஊரே பாட ஆரம்பிக்கிற பதினொரு மணிக்கு வைத்திருந்தார். தேதியை மாற்றச் சொல்லி எழுதலாம் என்று வோல்க்மார் நினைத்தார். நினைத்ததோடு சரி. ரைன் கரையைப் பாரிஸுக்கு விளக்கி விளக்கியே இந்த இரண்டு வருடத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. விளக்கினால் "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்று பதில் வரும். பிறகு அவர்கள் முதலில் சொன்னதே நடக்கும்.

வோல்க்மார் வேலை பார்த்தது ப்ரூக்னர் என்கிற சின்ன மென்பொருள் நிறுவனத்தில். அவர்களுடைய ஒரே சரக்கு 'ஓட்டிலி'. நிறுவனர் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். நோயாளி வாசலில் நுழைவதிலிருந்து படுக்கை, மருந்து, ரத்தப் பரிசோதனை, கடைசியில் பில் வரை ஒரு மருத்துவமனையின் எல்லா விவரமும் ஓட்டிலிக்குள்தான் ஓடும். பார்க்க அழகில்லை. ஆனால் படுத்ததில்லை. நிறுவனர் போனபின் பிள்ளைகள் பாரிஸ் குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள். குழுமத்தின் திட்டம் எளிமையானது. நாட்டுக்கு நாலு சின்ன நிறுவனங்களை வாங்குவது, மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு மென்பொருளைத் தூக்கிப் போடுவது, எல்லோரையும் பாரிஸில் எழுதிய ஒரே தளத்துக்கு மாற்றுவது. பெண்ணைப் பிடிக்காமல் சீதனத்துக்காகக் கட்டிக்கொண்டவன் கதைதான்.

இதில் ஒரு முள் இருந்தது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் மருத்துவமனை புதிதாக ஒரு மென்பொருள் வாங்கினால் ஐரோப்பா முழுக்க டெண்டர் விட வேண்டும். டெண்டர் விட்டால் போட்டியாளர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். பழகிய வாடிக்கையாளரைக் கையில் பிடித்து அடுத்தவனுக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் பாரிஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. புதுத் தளத்துக்கும் ஓட்டிலி என்றே பெயர் வைப்பது. 'இது புதுசு இல்லை, வெறும் அப்டேட்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவது. அப்டேட்டுக்கு டெண்டர் தேவையில்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர் கெர்லிந்த் ப்ரால், நகராட்சி மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவி. ஓய்வுக்குக் கொஞ்ச காலம்தான் மிச்சம். என்றாவது தணிக்கைக்காரர்கள் வந்து ஓட்டிலியின் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது வேறொன்று என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்போது விசாரணைக் கூண்டில் நிற்கப்போவது பாரிஸ் இல்லை, எல்லோரும் மரியாதையாக ஃப்ராவ் ப்ரால் என்று கூப்பிடும் இந்த அம்மாள். கூடவே இன்னொன்று. போன இலையுதிர் காலத்தில் இதே வோல்க்மார் அந்த அம்மாளின் மேசையில் உட்கார்ந்து, "நீங்க ஓய்வு வாங்கற வரைக்கும் ஓட்டிலிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தார். அவர் பேச்சை நம்பித்தான் ஃப்ராவ் ப்ரால் நகரசபையோடு மல்லுக்கட்டி ஓட்டிலிக்குப் புது சர்வர்கள் வாங்கினார்.

அதைச் சொன்னபோது வோல்க்மார் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

இப்போது தெப்ரே தொலைபேசியில் சொன்னது வேறு. "ரைன் கரை மருத்துவமனைங்க டெண்டர் இல்லாம வந்துட்டா உங்க அலுவலகம் இருக்கும், வோல்க்மார். இல்லேன்னா கோடையோட மூடிடுவோம். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல." அலுவலகம் என்றால் பேக்கரிக்கு மேல்மாடியில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேர். பாதிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஓட்டிலியைத் தவிர வேறெதுவும் தெரியாது. வோல்க்மாருக்கு அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

மருத்துவமனை வாசலில் தெப்ரே காரிலிருந்து இறங்கினார். சாம்பல் நிறக் கோட்டு, நீலப் பட்டு டை. அதைப் பார்த்ததும் வோல்க்மார் அவசரமாகக் கிட்டே போனார். கழற்றி உள்ளே வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வாசலை ஒட்டிய லிஃப்ட் கதவு திறந்து, கடற்கொள்ளைக்காரி வேஷத்தில் மூன்று நர்சுகள் வெளியே வந்தார்கள்.

"அடடா, பட்டு" என்றாள் ஒருத்தி.

கறுக் என்று ஒரே வெட்டு. தெப்ரே குனிந்து பார்ப்பதற்குள் கன்னத்தில் முத்தமும் விழுந்து முடிந்தது. டையின் பாதியைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு அவர்கள் எலும்பு முறிவு வார்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

"வோல்க்மார், இப்ப என்ன நடந்துச்சு?"

"வழக்கம்."

"இது என் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது. என் கன்னத்துல லிப்ஸ்டிக் வேற இருக்கும்போல."

"இருக்கு."

"அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. நம்ப மாட்டாங்க."

தெப்ரே மிச்சமிருந்த துண்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார். வோல்க்மாருக்குப் பல மாதங்களுக்குப் பின் லேசாகச் சிரிப்பு வந்தது. அவருடைய டை மட்டும் தப்பித்தது எப்படி என்று கேட்டால், அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரி இருந்தாள். அது எல்லா நர்சுகளுக்கும் தெரியும்.

ஃப்ராவ் ப்ராலின் அறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கார்க் பலகை. அதில் வரிசையாக டைத் துண்டுகள் குத்தப்பட்டிருந்தன. எல்லாம் வோல்க்மாருடையவை. முதல் துண்டு அவருக்குத் தலை முழுக்க முடி இருந்த காலத்தது. வருடத்துக்கொன்று. இந்த வியாழக்கிழமையில் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவர் இங்கே வந்துவிடுவார். இத்தனை வருடத்தில் இருவரும் ஒருமைக்கு இறங்கியதில்லை. ஹெர் எஷ், ஃப்ராவ் ப்ரால் என்று மரியாதை அடைமொழி போட்டுத்தான் இன்றுவரை. ஆனால் அந்தப் பலகையைப் பார்த்தவர்கள் அவர்களை அந்நியர்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

ஃப்ராவ் ப்ரால் கோமாளித் தொப்பி போட்டிருந்தார். சிவப்பு நாடா கட்டிய கத்தரிக்கோல் மேசைமேல் தயாராக இருந்தது.

"வாங்க, ஹெர் எஷ். இதைவிடக் கேவலமா வேற டை கிடைக்கலியா?"

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சது."

"அது கடைசில. முதல்ல வேலை." பிறகு தெப்ரேயின் கழுத்தைப் பார்த்தார். "உங்களுக்கு வரவேற்பு ஆயிடுச்சுபோல."

காபியும் ஒரு தட்டு நிறைய ஜாம் வைத்த பெர்லினர் பன்களும் வந்தன. தெப்ரே நன்றாகவே பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. ஓட்டிலியின் புதிய அவதாரம், அதே பெயர், அதே ஒப்பந்தம், அதே ஆட்கள், இன்னும் வேகம். திரையில் படங்கள் ஓடின. ஃப்ராவ் ப்ரால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். தெப்ரே முடித்ததும், அவரைப் பார்க்காமல் வோல்க்மாரிடம் திரும்பினார்.

"ஹெர் எஷ், நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது அப்டேட்டா, புதுசா?"

கீழே எங்கோ மேளம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வோல்க்மார் பேக்கரி மாடியை நினைத்தார். அங்கே இந்நேரம் அவர் ஆட்கள் காகிதத் தொப்பியோடு உட்கார்ந்து, அவர் என்ன சேதியோடு வருவார் என்று காத்திருப்பார்கள். 'புதுசு' என்பது ஒரே ஒரு சொல். அது தொண்டை வரை வந்தது.

"தொழில்நுட்ப ரீதியா பார்த்தா…" என்று ஆரம்பித்தார். அப்புறம் காபியைப் பார்த்தார். "அதைப் பல விதமா பார்க்கலாம், ஃப்ராவ் ப்ரால்."

"அப்படியா" என்றார் ஃப்ராவ் ப்ரால்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் வோல்க்மார் ஒரு பெர்லினரை எடுத்துக் கடித்தார். உள்ளே ஜாம் இல்லை, கடுகு. கார்னிவல் நாளில் தட்டுக்கு ஒன்று அப்படி வைப்பது இந்த ஊர்க் குறும்பு. எவன் கையில் வருகிறதோ அவன் அலறுவான், எல்லோரும் சிரிப்பார்கள். வோல்க்மார் அலறவில்லை. கண்ணில் நீர் முட்ட, கடைசித் துணுக்கு வரை மென்று விழுங்கினார். ஃப்ராவ் ப்ரால் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் சிரிக்கவில்லை.

"ஒப்பந்தத்தை வெச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."

தெப்ரே கைகுலுக்கிவிட்டு வெளியே போனார். வோல்க்மார் போகவில்லை. கோட்டுக்கு வெளியே டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மேசைக்கு முன்னால் நின்றார். ஃப்ராவ் ப்ரால் கத்தரிக்கோலை எடுத்தார். நாடாவைச் சுற்றினார். மேசை டிராயரைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"நேரமாச்சு, ஹெர் எஷ். கீழ பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க."

வோல்க்மார் எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார். ஒருவர் விசைப்பலகையையே தூக்கி எறிந்திருக்கிறார். எதிலும் இப்படிக் கூசியதில்லை.

வாசலில் தெப்ரே உற்சாகமாக இருந்தார். "ரொம்ப நல்லா பண்ணீங்க. நீங்க 'ஆமா'ன்னும் சொல்லல, 'இல்ல'ன்னும் சொல்லல. அனுபவம்னா அதுதான்." கார் கதவைத் திறந்தவர் திரும்பினார். "இந்த டையைச் செலவுக் கணக்குல போடலாமா?"

"எந்தத் தலைப்புல?"

"சந்தை நுழைவு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே தெப்ரே விமான நிலையத்துக்குப் போனார். மோசமான மனிதர் இல்லை. அதுதான் வோல்க்மாருக்கு இன்னும் அசதியாக இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பும் ரயிலில் உட்கார இடமில்லை. பீர் வாடை, பாட்டு, முகத்தில் சாயம். பெட்டியில் இருந்த ஆண்கள் எல்லோருடைய கழுத்திலும் பாதி டை. தேனீ வேஷத்தில் ஒரு பெண்கள் கூட்டம் வழியெல்லாம் வெட்டிக்கொண்டே வந்தது. முன்னால் வந்த குண்டுத் தேனீ வோல்க்மாரைப் பார்த்து நின்றாள்.

"என்ன தாத்தா, இந்நேரம் வரைக்கும் முழுசா வெச்சிருக்கீங்க? உங்களை யாருமே கண்டுக்கலியா?"

கத்தரிக்கோல் கிட்டே வந்தது. வோல்க்மார் கையால் டையை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம்மா. இது வேற ஒருத்தங்களுக்கு."

"கொடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரிடம் போனாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னது அவரைக் குத்தியது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடைமேடையின் கூட்டமில்லாத மூலைக்குப் போய் ஃப்ராவ் ப்ராலை அழைத்தார். ஒன்பது பேரின் முகமும் கண்முன் வந்தது. இருந்தாலும் சொன்னார்.

"ஃப்ராவ் ப்ரால், அது புதுசு. பேர் மட்டும்தான் பழசு. கையெழுத்துப் போடாதீங்க."

மறுமுனையில் பாட்டுச் சத்தம். கதவை மூடும் சத்தம்.

"தெரியும், ஹெர் எஷ். நீங்க லிஃப்ட்ல இறங்கறதுக்குள்ள சட்டப் பிரிவுக்குச் சொல்லிட்டேன். டெண்டர்தான்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க என்னைப் பார்க்காம காபியப் பார்த்தீங்களே. இத்தனை வருஷத்துல நீங்க அப்படிப் பண்ணதில்ல."

வோல்க்மார் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியானால் அவர் சொல்லாமல் விழுங்கியது ஒன்பது பேரையும் காப்பாற்றவில்லை. இப்போது சொன்னது இந்த அம்மாளையும் காப்பாற்றவில்லை. அந்த அம்மாள் முன்பே தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டுவிட்டார். இரண்டு பக்கத்துக்கும் வோல்க்மார் தேவைப்படவே இல்லை.

"நான் திரும்பி வரட்டுமா?" என்றார். "டை அப்படியேதான் இருக்கு."

ஃப்ராவ் ப்ராலின் குரலில் கோபம் இல்லை.

"வேண்டாம், ஹெர் எஷ். நீங்க கூப்பிட்டது நல்லதுதான். உங்க ஆளுங்க யாருக்காவது வேலை வேணும்னா என்கிட்ட அனுப்புங்க, ரெண்டு பேருக்காவது இடம் பார்க்கறேன். ஆனா டை… அது அந்த நேரத்துக்கு உள்ளது. அந்த நேரம் போயிடுச்சு."

அடுத்த ரயில் வந்தது. வோல்க்மார் ஏறி, இந்தத் தடவை ஜன்னலோரம் உட்கார இடம் கிடைத்து உட்கார்ந்தார். யாரும் பார்க்காதபடி கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொள்ள நினைத்தார், கை எழவில்லை. இந்தப் பெட்டியிலும் கத்தரிக்கோலோடு ஒருத்தி வந்தாள், சூனியக்காரி வேஷம். பழுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட முழு டையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. கையை ஓங்கிக்கொண்டே கிட்டே வந்தவள் வோல்க்மாரின் முகத்தைப் பார்த்தாள்.

கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனாள்.