முதுகைக் காட்டிய பெட்டி

அந்த விண்கலக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குத் 'தூசி' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. காற்றில்லாத ஒரு நிலாவைச் சுற்றிவரும் விண்கலத்தில், தூசி மோதுவதை அறியும் சின்னப் பெட்டி அவள் பொறுப்பு. ஒவ்வொரு மோதலுக்கும் மேசை ஒலிபெருக்கி 'டொக்' என்னும். மணலைவிடப் பொடியான விண்கற்கள் ஓயாமல் அந்த நிலாவில் விழுகின்றன, விழுந்த இடத்துத் தூள் கிளம்பி நிலாவைச் சுற்றி மேகமாக நிற்கிறது, விடியல் பக்கம் அது அடர்த்தி என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

"விடியல் பக்கம் வரும்போதுதான் கலத்தோட ஹீட்டரும் ஓடுது. அந்தக் கரண்ட் இரைச்சலைத்தான் மேகம்னு சொல்றீங்க," என்றார் திட்டத் தலைவர். "பேட்டரி வேற நொண்டுது. மத்தியானத்தோட உங்க பெட்டியை அணைச்சிடலாம்."

அணைக்கிற பொத்தான் யார் கையில்? கட்டிய புருஷன் கையில். கலத்தின் மின்சாரம் அவன் பொறுப்பு. அவன் திரையைவிட்டுத் தலை தூக்கவில்லை. காலையில் ஒரே வண்டியில் வந்தும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை, பாவி மனுஷன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அணைக்க விடமாட்டேன் சார்."

"என்ன மேடம், சண்டைக்கு வர்றீங்களா?"

"சண்டைக்குத்தான் வர்றேன். இப்போ பெட்டி கலம் போற திசையைப் பாக்குது. கலத்தைத் திருப்புங்க, அது பின்பக்கம் பாக்கட்டும். ஹீட்டர் பாட்டுக்கு ஓடட்டும். இரைச்சல்னா பெட்டி எங்க பாத்தாலும் கத்தும். தூசின்னா எதிர்லதான் வந்து மோதும், முதுகைக் காட்டினதும் பெட்டி வாயை மூடிக்கும். மூடலைன்னா நானே அணைச்சிடறேன்."

"திருப்பினா சோலார் பலகைக்கு வெயில் படாது. பேட்டரி தாங்காதே?" தலைவர் அவள் புருஷனைப் பார்த்தார்.

அவன் கன்னத்தைச் சொறிந்தான். "நொண்டுதுன்னுதான் சொன்னேன் சார். தாங்காதுன்னு சொல்லலியே. நிலாவை அரைச்சுற்று வர்ற வரைக்கும் தாங்கும்." பிறகு அவள் பக்கம் குனிந்து, "தாங்கலைன்னா நாளைக்கு ரெண்டு பேரும் வீட்டுலதான்," என்றான்.

"அப்போ சமையல் நீங்க," என்றாள்.

கலம் திரும்பியது. விடியல் பக்கம் வந்தது. திரையில் ஹீட்டரின் சிவப்புப் புள்ளி எரிந்தது. ஒலிபெருக்கி கப்சிப். இத்தனை நாளும் அது சும்மா இருந்தால் பெட்டி செத்துவிட்டதோ என்று பதறுவாள். இன்று அந்த மௌனம் தேனாக இனித்தது.

தலைவர் எழுந்து வந்து ஒலிபெருக்கியைத் தட்டினார். சத்தத் திருகை முழுதாகத் திருகினார். "இது கெட்டுப்போச்சா பாருங்க."

விடியல் பக்கம் தாண்டுமுன் கலத்தைப் பழையபடி திருப்பச் சொன்னாள்.

டொக். டொக். டொக்டொக்டொக். ஏற்றிவைத்த சத்தத்தில் அறையே அதிர்ந்தது. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் மேடம், குறைங்க."

"குறைக்க மாட்டேன் சார்," என்று அவள் திருகின்மேல் கையை வைத்து மறைத்தாள். "ஏத்தினது நீங்கதான். உக்காந்து கேளுங்க."