பிடி நடந்த எல்லை

சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரம் போகும் வழியில் உள்ள பிடிசூழ்நல்லூரில், சோழர் காலத்துப் பெண் யானை ஒன்று வருஷத்துக்கு ஒரு முறை நடந்துபோகும். மார்கழித் திருவாதிரைக்கு மறுநாள் காலை, பால்காரர் வந்துபோன பிறகு, எல்லைக்கல் அருகே வந்து நிற்கும். அந்தக் காலத்தில் ராஜா ஒரு ஊரைத் தானமாகக் கொடுத்தால், பிடியை, அதாவது பெண் யானையை, அதைச் சுற்றி நடக்க விடுவார்கள். அது நடந்த வழிதான் எல்லை. கொடுத்த ராஜா போய்ச் சேர்ந்தார். அவர் வம்சத்து ராஜா ஒருவரைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார்கள். பாண்டியர் வந்தார்கள், நாயக்கர் வந்தார்கள், கடலூரில் வெள்ளைக்காரன் கோட்டை பிடித்து உட்கார்ந்தான். யானையிடம் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஊரும் அதற்குத் தோதாக இருக்கப் பழகிக்கொண்டது. அதன் வழியில் யாரும் சுவர் வைப்பதில்லை. அன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பார்கள். ராஜா வீட்டு யானைக்கு எதிரே நிற்பது மரியாதை இல்லையாம். யானை சுற்றி முடித்துக் கல்லுக்குத் திரும்பிவிட்டால், எல்லைக்குள் இருக்கும் கிணறுகளில் அந்த வருஷம் பூராவும் நல்ல தண்ணீர். காலனி அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. உப்பங்கழி ஏறி ஏறி அங்கே இருந்த ஒரே கிணறும் வாயில் வைக்க முடியாத உப்பாகிவிட்டது. காலனிப் பெண்கள் எல்லைக்குள் இருந்த கோவிந்தசாமியின் கிணற்றடியில் குடத்தோடு நிற்பார்கள். கோவிந்தசாமி கெட்டவர் இல்லை. ஆனால் மோட்டாரை எப்போது போடுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார், அந்த அதிகாரம் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

காலனியில் யாரும் கதவைச் சாத்தச் சொல்லவில்லை என்பதால், ஆரோக்கியம்மாளின் மகள் பிரிசில்லா சின்ன வயதிலிருந்து அந்த யானையைப் பார்த்து வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அது நின்று, பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தது.

"கூட ஆளு வருதான்னு பாக்குதும்மா. தனியா போன்னு யாரும் அனுப்பியிருக்க மாட்டாங்க."

"பெரிய எடத்து யானைடி. நமக்கு எதுக்கு வம்பு?"

போன மார்கழியில் பிரிசில்லா கல்லருகே போய் அதன் விலாவில் கை வைத்தாள். யானை பெருமூச்சு விட்டது. பிறகு அவள் முன்னே நடக்க, அவள் போன வழியில் போனது. வழக்கமாகத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் காலனியைச் சுற்றியது. ஜனங்கள் குடத்தோடு வெளியே வந்து நின்றார்கள். ஆரோக்கியம்மாள் அழுதே விட்டாள். இன்னும் ஒரு திருப்பம், அப்புறம் கல்தான். அந்தத் திருப்பத்தில் கழியோரக் குடிசையிலிருந்து இருசம்மாள் வந்து, "எங்க தண்ணியும் உப்புதான் பாப்பா," என்றாள். பிரிசில்லா கல்லைப் பார்த்தாள், இருசம்மாளைப் பார்த்தாள். கல்லுக்குத் திரும்பவில்லை.

இருசம்மாளின் குடிசைக்கு அப்பால் இன்னொரு குப்பம் இருந்தது, அதற்கு அப்பால் இன்னொன்று. தை பிறந்தபோது பிரிசில்லாவும் யானையும் வெள்ளாற்றுப் பாலத்தில் போனார்கள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் பைக்கை ஓரம் கட்டி வழி விட்டார்கள். செம்மங்குப்பத்தில் யாரோ பொங்கல் கரும்பைக் கட்டோடு கொடுத்தார்கள். பஸ் டிரைவர்கள் இப்போதெல்லாம் ஹாரன் அடிப்பதில்லை.

சுற்று முடியாததால் பிடிசூழ்நல்லூரில் இந்த வருஷம் எல்லாக் கிணறும் உப்பு, கோவிந்தசாமியின் கிணறும்தான். தண்ணீர் லாரி காலனி முனையில் நிற்கிறது. வரிசையில் ஆரோக்கியம்மாளுக்குப் பின்னால் கோவிந்தசாமி குடத்தோடு நிற்கிறார். சித்திரையில் ஒரு நாள் ஆரோக்கியம்மாள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பொறுக்கவில்லை, போனை வாங்கிக்கொண்டார்.

"எப்பம்மா திரும்பி வர்றதா உத்தேசம்? இங்க ஊரே நாறுது. ஒரு எட்டு வந்து கல்லத் தொட்டுட்டா முடிஞ்சுபோச்சு."

"ஒரு ஊரு தாண்டினா அடுத்த ஊருல வந்து நிக்கிறாங்க, என்னா செய்ய?"

போனுக்குள் யானை மூச்சு விடும் சத்தமும், பிள்ளைகளின் கூச்சலும், குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தமும் கேட்டன. வரிசை முழுக்க அவர் முகத்தையே பார்த்தது.

"அங்க தண்ணி எப்படி?" என்றார்.

"உப்புதாங்க."

கோவிந்தசாமி தன் காலிக் குடத்தைப் பார்த்தார்.

"அப்ப நடம்மா," என்று சொல்லிவிட்டுப் போனை ஆரோக்கியம்மாளிடம் கொடுத்தார். வரிசை கொஞ்சம் நகர்ந்திருந்தது.