டாக்டருக்குக் குளியல்

"வந்துட்டானா?"

"வந்துட்டான். வண்டியில சத்தமே இல்ல. அலுங்காம வந்து நிக்குது."

"சத்தம் போடாம வந்து குழி பறிக்கிறது அவனுக்கென்ன புதுசா?"

அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. வேனின் பின்படியில் உட்கார்ந்து, சீப்பில் சிக்கிய நாய்முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த கணவர்தான், எதிர்ப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வந்து நின்ற வண்டியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரியில் ஓடுகிற பெரிய பிக்கப் லாரி. ஓட்டிவந்தவன் அவருடைய சொந்தத் தம்பி.

அண்ணி என்பது அவள் பெயரல்ல. பல வருடங்கள் இதே வேனில் அவளோடு நாய் குளிப்பாட்ட வந்த கொழுந்தன், வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் குடியிருப்பு முழுக்க அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. அவளைவிட மூத்த கிழவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெயரைக் கொடுத்தவனே அந்தப் பெயரைக் கெடுத்துவிட்டும் போனான்.

நடந்தது இதுதான். மூன்றாவது மாடி வக்கீலம்மாவின் வெள்ளை நாய்க்குக் கொழுந்தன் முடி வெட்டிக்கொண்டிருந்தான். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவனுக்குப் போன் வந்தது. ஒரு கை போனுக்குப் போனது. மறு கையிலிருந்த கத்தரி நாயின் காதுக்குப் போனது. ஓடிவந்த அண்ணி கத்தரியைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் காதை அழுத்திப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா இறங்கி வந்தாள்.

"அண்ணிக்குக் கொஞ்ச நாளா கை நடுங்குது மேடம்," என்றான் கொழுந்தன். கண்ணை இமைக்காமல் சொன்னான்.

வீட்டு விஷயத்தை வீதியில் அவிழ்ப்பானேன் என்று அண்ணி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய்க்குக் கிடைத்த கூலி, குடியிருப்பில் ஒரே ஒருத்தியைத் தவிர அவளை நம்பி நாயைக் கொடுக்க ஆளில்லாமல் போனது. அந்த மாதமே கொழுந்தன் தனியாகக் கிளம்பினான். நடுங்காத கை என்று மற்ற அத்தனை பேரும் அவன் பின்னால் போனார்கள்.

அண்ணி சீப்பை உதறிவிட்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"பாத்துட்டு வரேன்."

"எதுக்கு வயித்தெரிச்சலை வாங்கிக்கிற?"

"வயிறு ஏற்கெனவே எரிஞ்சுட்டுத்தான் இருக்கு. புதுசா என்னத்தைப் போட்டு எரிக்கிறான்னு தெரிய வேண்டாமா?"

வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தது. கொழுந்தன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றான். கதவின் ஓரத்தை அழுத்தினான். உள்ளேயிருந்து ஒரு டார்ச் எட்டிப் பார்த்தது. சீட்டுக்கடியில் கை விட்டான். ஒரு ஸ்பீக்கர் கழன்று வந்தது, பாட்டும் பாடியது. வண்டியின் வயிற்றில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு பொந்து. அதிலிருந்து ஒரு மேசையை இழுத்தான். பின்னால் ஷவர், பக்கத்திலேயே வீட்டில் இருப்பது போலப் பிளக் பாயின்ட். கடைசியாக முன்மூடியைத் திறந்தான். இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தொட்டி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை.

"இது ஐஸ் போட்டுக் கூல்டிரிங்க்ஸ் வைக்கக் கொடுத்தது. நான் இதை நாய்த்தொட்டி ஆக்கிட்டேன். எப்படி?"

"சாவி எங்கப்பா?" என்றார் ஒருவர்.

"பாக்கெட்லயே இருக்கும் சார். நான் பக்கத்துல வந்தா திறக்கும், தள்ளிப் போனா பூட்டிக்கும். எதையும் தொடவே வேண்டாம்."

"அப்ப நாயையாவது தொடுவியா?" என்றாள் அண்ணி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொழுந்தன் சிரித்தான். "வாங்க அண்ணி. ஒரு தடவை ஷவரைப் பிடிச்சுப் பாக்கறீங்களா? வெயிட்டே இல்ல. உங்க கைக்குத் தோதா இருக்கும்."

நாலு பேர் சிரித்தார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை, தன் நாயைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்புதான் அண்ணிக்குச் சுருக்கென்று தைத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை இன்னொரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். தொட்டி முன்னால். தண்ணீர் பின்னால். சோப்பும் துண்டும் நடுப்பொந்தில். இந்தத் தொழிலில் பாலபாடம் ஒன்றே ஒன்றுதான்: ஈரமான நாயின் மேல் எப்போதும் ஒரு கை இருக்கவேண்டும். அவள் வேன் ஓட்டை உடைசல்தான், ஆனால் இடது கையை நாயின் தாடைக்கடியில் வைத்தபடியே வலது கைக்குக் குழாயும் எட்டும், சோப்பும் எட்டும், துண்டும் எட்டும். இந்த அலங்கார வண்டியில் எது வேண்டுமென்றாலும் நாயை விட்டுவிட்டு ஊர்வலம் போகவேண்டும்.

அவளுக்கு மனசுக்குள் ஜில்லென்று இருந்தது.

திரும்பி நடக்கும்போது ஹெட் நர்ஸ் கூடவே வந்தாள். ஓய்வு பெற்றுவிட்டாலும் நடையில் வார்டு போகவில்லை. கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு சடைநாய் வளர்த்தாள். அதன் பெயர் டாக்டர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், "வேலையில இருந்த வரைக்கும் டாக்டர் சொன்னதுக்கெல்லாம் நான் தலையாட்டினேன். இப்ப நான் உட்காருன்னா டாக்டர் உட்காரணும்," என்பாள். காது வெட்டுப்பட்ட பிறகும் அண்ணியை விட்டுப் போகாத ஒரே ஆள் அவள்தான்.

"ஏம்மா, அதுல இருக்கிற வித்தையெல்லாம் நிஜமாவே பிரயோஜனமா, இல்ல வெறும் கண்காட்சியா?"

"எதுக்குக் கேக்கறீங்க சிஸ்டர்?"

"சனிக்கிழமை டாக்டருக்குக் குளியல். எல்லாரும் அதுல விடு, அதுல விடுன்னு பிடுங்கி எடுக்கறாங்க. எனக்கு அந்த வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீ சொன்னா சரி."

டாக்டர் அண்ணியின் கையில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்தக் கையை எடுத்தால் மிரளும். குளிக்கும்போது ஒரு விரல் விலகினாலும் மிரளும். அதைக் குளிப்பாட்டிப் பழகியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள். இன்னொருத்தன் அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான்; அவனுக்குத் தெரியும், ஆனால் போன் வந்தால் மறந்துபோகும்.

"நல்ல வண்டி சிஸ்டர்," என்றாள் அண்ணி. "தாராளமா விடுங்க."

வேனுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "அவங்களும் போறாங்களா?"

"நான்தான் அனுப்பறேன்."

"டாக்டரையா? அது கையை எடுத்தா நிக்காதே."

"நிக்காது."

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "பாவம்டி, வாயில்லா ஜீவன்."

"வாயிருக்கிற ஜீவன் நான் ஒருத்தி ஊர் முழுக்கக் கைநடுங்கின்னு பேர் வாங்கிட்டு நிக்கிறேன். அதுக்குப் பாவம் பாக்க ஆளில்ல. உங்க தம்பி மூக்கு அத்தனை பேர் முன்னால உடையணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

"இப்பத்தானே ரெண்டு தட்டு சாப்பிட்ட."

"இறங்கலன்னுதான் சொன்னேன். சாப்பிடலன்னு சொல்லல."

சனிக்கிழமை காலை குடியிருப்பே கீழே இறங்கிவிட்டது. டாக்டரைத் தொட்டிக்குள் உட்காரவைக்கவே கொழுந்தனுக்கு மூச்சு வாங்கியது. தலைக்கு மேலே முன்மூடி குடை மாதிரி நின்றது. ஷவர் குழாய் முன்பக்கம் எட்டவில்லை. கூட்டத்திலிருந்த ஒரு பையன் வாளியில் பிடித்துப் பிடித்துக் கொடுக்க, வாங்கி ஊற்றினான். ஆனாலும் ஒரு கை நாயின் மேலேயே இருந்தது. எதிர்ப்புறம் நின்ற அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பயல் மறக்கவில்லை.

சோப்பு பாதி உடம்புக்குத்தான் வந்தது. இன்னொரு பாட்டில் நடுப்பொந்தில் இருந்தது.

"இதோ வந்துட்டேன் டாக்டர், அசையாதீங்க," என்றான். கையை எடுத்தான். எடுத்ததோடு நில்லாமல், பாக்கெட்டில் போன் அடிக்க, பேசிக்கொண்டே வண்டியின் வால்பக்கத்தையும் தாண்டி நடந்தான். பாக்கெட்டில் இருந்த சாவியும் அவனோடு போனது.

முதலாளி தள்ளிப் போய்விட்டார் என்று வண்டி நினைத்தது. முன்மூடி மெதுவாக, மரியாதையாக, டாக்டரின் தலைமேல் இறங்க ஆரம்பித்தது.

இதை அண்ணி எதிர்பார்க்கவில்லை. கை எடுப்பான், நாய் குதிக்கும், ஊர் சிரிக்கும்: அவள் கணக்குப் போட்டது அவ்வளவுதான். பூட்டிக்கும் என்றுதான் அவன் அன்றைக்குச் சொன்னான்; திறந்து நிற்கும் மூடியும் தானாக இறங்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மூடி டாக்டரின் முதுகில் பட்டதும் நின்று, பின்வாங்கி மேலே போனது. அடி ஒன்றுமில்லை. ஆனால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு டாக்டர் வெளியே பாய்ந்தது. மேசை சாய்ந்தது, ஸ்பீக்கர் உருண்டது. நுரையும் சடையுமாக நாய் வாசலைத் தாண்டிச் சாலையை நோக்கி ஓடிவந்தது.

அண்ணி ஓடவில்லை. சாலையோரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். "டாக்டர். இங்க. தாடை."

வந்து மோதிய வேகத்தில் அவள் பின்னால் சாய்ந்தாள். கை மட்டும் சாயவில்லை. உள்ளங்கையில் ஈரத் தாடை வந்து உட்கார்ந்தது. நாயின் உடம்பு முழுக்க உதறியது.

கொழுந்தன் ஓடிவந்தான். பின்னாலேயே கூட்டமும் வந்தது.

"நல்லவேளை அண்ணி. கொடுங்க, நான் பாத்துக்கறேன்."

"கொடுக்கறேன். என் கை நடுங்குதா பாரு."

"அண்ணி, இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"எல்லாரும் பாருங்க. நடுங்குதா?"

நடுங்கியது நாய்தான், அதன் கீழே இருந்த கை தூணாக நின்றது.

"வக்கீலம்மா இங்கதான் இருக்காங்க. அவங்க நாய் காதை வெட்டினது யாருன்னு சொல்லிட்டு டாக்டரைக் கூட்டிட்டுப் போ."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். எப்போதும் போல அண்ணன் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணுவார் என்று நினைத்தான். கணவர் வேனிலிருந்து இறங்கி வந்து நின்றார்.

"சொல்லுடா," என்றார்.

"நான்தான்." தரையைப் பார்த்துச் சொன்னான்.

"வக்கீலம்மாவுக்குக் கேக்கல."

"நான்தான் மேடம் வெட்டினேன். போன் வந்தது, கை தவறிடுச்சு. அண்ணி ரத்தத்தை நிறுத்தத்தான் வந்தாங்க."

"அப்படி என்ன தலைபோற போன்?" என்றாள் வக்கீலம்மா.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "இந்த வண்டி விக்கிறவங்க மேடம். என்ன கலர் வேணும்னு கேட்டாங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மாதக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்த அண்ணி அந்தச் சிரிப்பைத் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி மடமடவென்று குடித்தாள்.

ஹெட் நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து டாக்டரின் முதுகை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் கையை எடுப்பான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும் சிஸ்டர்."

"மூடி?"

"மூடி விஷயம் சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சதே போதும். நான் உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன்ல? நீ என்ன சொன்ன?"

ஹெட் நர்ஸ் டாக்டரின் கழுத்துப்பட்டையைப் பிடித்து எழுப்பினாள். நுரை சொட்டச் சொட்ட நாயோடு உள்ளே போனாள்.

வக்கீலம்மா முன்னால் வந்து வெள்ளை நாயை நீட்டினாள். "நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் அண்ணி. நகம் மட்டும் வெட்டணும். முடியுமா?"

"முடியும். முடிக்கும் சேர்த்து மெஷின் போட்டு விடறேன்." அண்ணி எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வேனில் இருந்த ஜெனரேட்டர் போன வாரமே படுத்துவிட்டது. அவள் கண் லாரியின் பிளக் பாயின்ட்டில் நின்றது. டார்ச், ஸ்பீக்கர், மேசை எல்லாம் வெறும் தோரணம். இது ஒன்று மட்டும் வேலைக்கு ஆகும்.

"தம்பி."

"என்ன அண்ணி."

"வண்டியைத் திருப்பி என் வேனுக்குப் பக்கத்துல நிறுத்து. எனக்குக் கரன்ட் வேணும்."

"என் வண்டி என்ன பிளக் பாயின்ட்டா?"

"இனிமே அதுதான். ஒயரை இழு."

அவன் ஒயரை இழுத்தான். கணவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார். அண்ணி மெஷினைக் கையில் எடுத்தாள், தட்டிப் பார்த்தாள், கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம் மேடம்."

படியேறிப் போய் ஹெட் நர்ஸ் வீட்டு மணியை அடித்தாள். கதவு சங்கிலி போட்டபடி திறந்தது.

"சோப்பு காயறதுக்குள்ள கழுவணும் சிஸ்டர். காஞ்சா சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிடும். நான் வந்து—"

"படுத்த படுக்கையா கிடந்த நோயாளிங்களைக் கழுவி எடுத்தவ நான். எனக்குச் சொல்லித் தராதே."

கதவு மூடியது. உள்ளே தண்ணீர் திறக்கும் சத்தம். டாக்டர் முனகியது.

"தாடைக்கடியில கை வைங்க," என்றாள் அண்ணி கதவைப் பார்த்து. "எடுக்காதீங்க."

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முனகல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. கீழேயிருந்து கூட்டத்தின் சிரிப்பு இன்னும் கேட்டது. யாரோ கொழுந்தனிடம் மறுபடியும் வண்டிக் கலரைக் கேட்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு கேட்கும்போது இப்போதும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல முடியாது.

"நான் அடுத்த வாரம் வரட்டுமா சிஸ்டர்?"

தண்ணீர் நின்றது.

"வேண்டாம்," என்றது உள்ளேயிருந்த குரல்.