ஊசி அண்ணனின் பெட்டி

சணல் துக்க உடைக்குள் கைப்பேசி மூன்றாவது முறையாக அதிர்ந்தது. பூசாரி மணியடித்ததும் பெக்குன் தரையில் நெற்றி வைத்து எழுந்தாள். காலையிலிருந்து அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் எத்தனையோ கும்பிடு போட்டாகிவிட்டது, ஒன்றில்கூட மனசு இல்லை. அழைப்பது யாரென்று பார்க்கவே வேண்டாம். சுகாதார நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் சூசின், கோயில் முனையில் வேனோடு காத்திருக்கிறாள். வேனில் இருநூறு பேருக்குப் போதுமான ரத்தப் பரிசோதனைப் பட்டைகள் இருந்தன.

சிப்பி ஓட்டுக் குவியல்களுக்கு நடுவே தெருவை அடைத்துப் போட்டிருந்த நீலப் பந்தலுக்குள் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. தைபே, தைச்சுங் என்று பெரிய நகரங்களிலிருந்து வந்த பிள்ளைகள் வேறு. நாளை காலையில் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள்.

"ஐயோ பெக்குன்!" அகிம் அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷமாகச் சிப்பி உடைக்கிற கை, விரலெல்லாம் வெட்டுத் தழும்பு. "ஊசி அண்ணனும் போயிட்டாரு. இனிமே என் இடுப்புக்கு யாரு இருக்கா? உங்க ஆபீஸ்ல குடுக்கற மாத்திரை கோழிக்குக்கூடப் பத்தாதுடி."

"அத்தே, ஒரு சொட்டு ரத்தம் குடுங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்?"

"உங்கப்பாகிட்ட கேட்டேனே! நான் போட்ட ஊசி உன் உடம்புல இருக்கறப்ப உனக்கு என்ன வரும், போ போன்னுட்டாரு." அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா டாக்டர் இல்லை, மருந்துக் கடைக்காரர். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓர் அலுமினியப் பெட்டி, அதற்குள் ஒரு கண்ணாடி சிரிஞ்சு, மூன்று ஊசி. காய்ச்சலுக்கு, மூட்டு வலிக்கு, ஒன்றுமில்லாவிட்டால் தெம்புக்கு. வெறும் மாத்திரை கொடுத்தால் ஏமாற்றிவிட்டார் என்பார்கள். வீட்டுக்கு வீடு ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மழுங்கிய ஊசியைச் சிப்பிக் கத்தி தீட்டுகிற கல்லிலேயே தீட்டிக்கொள்வார். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. அந்த ஊசியோடுதான் ஈரலைத் தின்னும் கிருமி வீடு வீடாகப் போனது. ஹெபடைட்டிஸ் சி என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் அப்பாவின் ரத்தத்தைப் பரிசோதித்தாள், அதிலும் அந்தக் கிருமி. தனக்குத்தானே போட்டுக்கொண்ட தெம்பு ஊசி காட்டிக்கொடுத்துவிட்டது. பன்னிரண்டு வாரம் மாத்திரை, கிருமி போயிற்று. ஆனால் ஈரல் ஏற்கெனவே கல்லாகியிருந்தது, கடைசியில் அதில்தான் புற்று வந்தது. பரிசோதித்த அன்றைக்கே அவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். "நான் கண்ணை மூடற வரைக்கும் ஊர்ல வாயைத் திறக்காதே."

திறக்கவில்லை. பொதுவாக எல்லோரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டாள், வா வா என்று கெஞ்சினாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த ஆறு வருஷத்தில் இரண்டு பேர் வயிறு வீங்கிச் செத்தார்கள். இரண்டு சாவுக்கும் போனாள், வந்தவர்களுக்குச் சாவு வீட்டில் கொடுக்கும் துண்டை வாங்கி வந்தாள். அந்தத் துண்டுகளை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை.

பந்தலுக்குப் பின்னால், சேமியா கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் அண்ணன் போஹியோங் அவளை மடக்கினான்.

"வேனைத் திருப்பி அனுப்பு."

"எல்லாரும் ஒண்ணா இருக்கறது இன்னிக்கு மட்டுந்தாண்ணா."

"அவரு பெட்டிக்குள்ள படுத்திருக்காரு. தலைமாட்டுல நின்னுகிட்டு, எங்கப்பாதான் உங்களுக்கு நோயைக் குடுத்தாருன்னு சொல்லுவியா? காறித் துப்புவாங்கடி!"

"தெரியாம குடுத்தாரு. சரி. தெரிஞ்சப்புறம் மறைச்சாரே, அது?"

"நீயும்தானே மறைச்ச."

அண்ணன் சொன்னது பொய்யாக இருந்தால் திட்டியாவது இருப்பாள்.

சவப்பெட்டியை மூடும் நேரம் வந்தது. அப்பாவின் தொப்பியை வைத்தார்கள், மூக்குக் கண்ணாடியை வைத்தார்கள். போஹியோங் அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்தான். எழுபத்தெட்டு வயது அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அது வேணாம்."

"உயிரா வெச்சிருந்தாரும்மா."

"வேணாம்னேன்ல?" பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அவள் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

அண்ணன் மைக்கில் நன்றி சொன்னான். முடித்ததும் பெக்குன் கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தபடியே மைக்கை அணைத்து மேளக்காரரிடம் கொடுத்துவிட்டான். மைக் இல்லாவிட்டால் என்ன, கத்தியிருக்கலாம். இருநூறு முகங்கள் எதிரே இருந்தன. அகிம் அத்தை முன்வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பெக்குன் தலையைக் குனிந்துகொண்டாள். சீ, நானும் ஒரு நர்ஸா என்று இருந்தது.

புருஷனை வழியனுப்பப் பெண்டாட்டி போகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். தகன மேடைக்குப் போகும் வழியில் பெக்குன், 'நீ கிளம்பு சூசின், என்னால முடியல' என்று செய்தி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. 'இப்ப கிளம்ப முடியாது. வந்து பாரு.'

வேனுக்கு என்ன ஆயிற்றோ என்று வழியெல்லாம் தவித்தாள். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. திரும்பி வந்து, சாவுத் தீட்டுக் கழிய வாசலில் மூட்டியிருந்த நெருப்பைத் தாண்டி, இலையால் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பந்தலுக்குள் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துண்டுகள் அடுக்கியிருந்த மேசையில் சூசின் பட்டைகளைப் பரப்பியிருந்தாள். பக்கத்தில் அம்மா. அவள் முன்னால் அலுமினியப் பெட்டி திறந்து கிடந்தது. பந்தலில் பாதி காலி, நாலைந்து நாற்காலிகள் கவிழ்ந்திருந்தன. மீதிப் பேர் வரிசையாக நின்றார்கள்.

"நீயும் அண்ணனும் பேசினது காதுல விழுந்துச்சாம். உங்கம்மாவே வந்து வேன் கதவைத் தட்டினாங்க," என்று சூசின் கிசுகிசுத்தாள். "ஊர்க்காரங்ககிட்டயும் அவங்களே சொல்லிட்டாங்க."

போஹியோங் பாய்ந்து வந்தான். "அம்மா! என்ன பண்ணிட்டீங்க?"

"அந்த ஊசியைக் கொதிக்க வெச்சது யாரு? நான்தானே?" அம்மா நிமிரவில்லை. "பத்து வீட்டுக்குப் போயிட்டு வருவாரு. சாயங்காலம் ஒரே ஒரு தடவை கொதிக்க வெப்பேன். போதும்னு நினைச்சேன். சொல்லிட்டேன். போடா, போய் சேமியா சாப்பிடு."

அம்மாவின் இடது கை விரலில் பஞ்சு ஒட்டியிருந்தது. மேசையில் முதல் பட்டை அவளுடையதுதான். பெக்குன் குனிந்து பார்த்தாள். இரண்டு கோடுகள், கிருமி இருக்கிறது. அம்மா முடிவைக் கேட்கவில்லை. பெக்குன் சணல் உடையின் கையை மடித்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு சூசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்து அகிம் அத்தை. அழுத முகம் இப்போது கடுகடுவென்று இருந்தது. பெக்குனைப் பார்க்கவே இல்லை. விரலை நீட்டினாள், பிறகு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஊசி புதுசா?"

பெக்குன் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஒரு சின்ன உறையை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே பிரி."

தழும்பேறிய விரல்களுக்கு அது சட்டென்று பிரியவில்லை. அத்தை நகத்தால் நெருடி, இழுத்து, கடைசியில் கிழித்தாள். குத்தி முடித்த ஊசியைப் பெக்குன் மஞ்சள் டப்பாவில் போட்டாள்.

அம்மா அடுத்த உறையை எடுத்து, வரிசையில் நின்றவரின் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.