உட்கார்ந்த ஏணி

“அப்போ ஏணி தானாவே உட்கார்ந்துடுச்சா?”

“தானா எப்படி சார் உட்காரும்? நான் உட்கார வெச்சேன்.”

“பார்றா! மை தொட்டு எழுதுற பொண்ணு ஏணியை உட்கார வெச்சாளாம். நாளைக்கு புரூக்ளின் பாலத்தையும் நான்தான் படுக்க வெச்சேன்னு வந்து நிக்கும்.”

“உங்களை யாரும் கேக்கலை லாரி. ரெண்டு கால்ல நேரா நிக்கத் தெரியாதவருக்கு ஏணி உட்கார்றதைப் பத்தி என்ன தெரியும்?”

“போதும்!”

மேசைமேல் விழுந்த முஷ்டியில் கறுப்பு ரொட்டித் தட்டு ஒரு குதி குதித்தது. உப்பு வெள்ளரிக்காய் ஒன்று உருண்டு போய்த் தந்தித் தாளின்மேல் நின்றது. முஷ்டிக்குச் சொந்தக்காரர் சால் பிரம்னிக். ஏழாவது அவென்யூவில் லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டிடத்தின் நான்காவது மாடி முழுவதும் அவருடையது. அங்கே முப்பத்தெட்டுப் பேர் குனிந்த தலை நிமிராமல் தியேட்டரில் ஓடும் கேலிப்படங்களுக்கு வரைந்துகொண்டிருந்தார்கள். நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தவன் லாரி ஹான்ரட்டி. பென்சிலால் அசைவுகளை வரைகிறவன். கம்பெனியில் கெட்டிக்காரக் கை அவனுடையது, அதுவும் அந்தக் கை நடுங்காத நாட்களில். மதுவிலக்குச் சட்டம் நாட்டுக்கு இருந்ததே தவிர அவனுக்கு இல்லை. மூன்றாவது ஆள், கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்ட மைக்கூடத்துப் பெண் நுன்சியாத்தா கஃபியேரோ. விரல் நுனி வெட்டிய வெள்ளை நூல் கையுறையைக்கூட அவள் கழற்றவில்லை.

பிரம்னிக் வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்துவிட்டு, ஈரமான தந்தியை மறுபடி படித்தார். படங்களை ஊர் ஊராக விற்றுத் தருகிறவர்கள் அனுப்பியது. கழுதை தீயணைப்புக்காரன் கொர்னீலியஸ் நடித்த ஏழு நிமிடப் படத்தில், பாரம் தாங்காமல் ஏணி உட்காருகிற இடத்தில், கூட்டம் காலைத் தரையில் உதைத்துச் சிரிக்கிறதாம். இரண்டு ஊர்களில் படத்தை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னார்களாம். அந்த ஏணியை வரைந்த ஆளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அவன் கையால் இன்னும் ஆறு படம் வேண்டும் என்று முடிந்திருந்தது.

திரையில் அந்த இடம் மொத்தம் மூன்று விநாடி. கையால் வரைந்த நாற்பது படம்.

“ஜன்னலோரத்து நாற்காலி காலியாக் கிடக்கு” என்றார் பிரம்னிக். “அதுல இருந்தவன் ஆரஞ்சு மரம் பாக்கக் கலிஃபோர்னியா போயிட்டான். ஏணிக்காரன் யாரோ அவன் அங்க உட்காரட்டும். தலைமை வரைகலைஞன். படத்துல பேர். ஆனா ஒரு ஏணிக்கு ரெண்டு அப்பன் வந்து நிக்கறீங்க.”

“ஒரு அப்பன், ஒரு பொய்” என்றான் ஹான்ரட்டி. “அந்தக் காட்சிய யாருக்குக் கொடுத்தீங்க? எனக்கு. கழுதைய யார் வரைஞ்சது? நான். நடுவுல வந்த ஏணிய மட்டும் இந்த இத்தாலிக்கார மக்கரோனி வந்து வரைஞ்சிட்டுப் போச்சா?”

“நாற்பது வரைக்கும் நீங்க. எண்பத்தொண்ணுலேர்ந்து நீங்க. நடுவுல இருந்த நாப்பதையும் எந்த நிலவறையில குடிச்சுத் தீர்த்தீங்கன்னு உங்களுக்கே தெரியாது.”

“காகிதம் எங்க?” என்றார் பிரம்னிக். “சண்டை வேணாம். பென்சில் காகிதம் யார்கிட்ட இருக்கோ அவங்க படம்.”

நுன்சியாத்தாவிடம் காகிதம் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

“வீட்ல இருக்கு” என்றான் ஹான்ரட்டி, சட்டைப் பையில் தீப்பெட்டி தேடியபடி. “நாளைக்குக் காலையில கொண்டாந்து போடறேன். எண்ணிப் பாத்துக்குங்க.”

*

நடந்தது இதுதான். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாயந்திரம் ஐந்து மணிக்குக் காமிராவுக்குப் போயாக வேண்டிய கட்டு காலை பத்து மணிக்கு மைக்கூடத்துக்கு வந்தது. பென்சில்காரர்கள் காகிதத்தில் வரைந்ததைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாளில் பேனாவால் பிரதி எடுப்பதுதான் பெண்களின் வேலை. கட்டைப் பிரித்தால் நாற்பதுக்கு அடுத்தது எண்பத்தொன்று. “41 முதல் 80 வரை ஏணி முறிகிறது” என்று குறிப்புத் தாளில் மட்டும் எழுதியிருந்தது. ஹான்ரட்டி அன்று வேலைக்கே வரவில்லை. மைக்கூடத்துத் தலைவி திருமதி டெஷ், நாற்பதாவது படத்தையே மூன்று விநாடி அசையாமல் நீட்டிப் பிடித்துவிடு, எவன் பார்க்கப் போகிறான் என்றாள்.

நுன்சியாத்தா நீட்டிப் பிடிக்கவில்லை. நாற்பதாவது காகிதத்தைக் கீழே வைத்து, அதன்மேல் வெறும் செல்லுலாய்டைப் பொருத்தி, பென்சில் இல்லாமல், அழிக்க வழியில்லாமல், நேராக மையில் ஏணியை வரைந்தாள். ஆசையினால் அல்ல, எரிச்சலினால். அந்த வாரம் முழுவதும் அவளுக்கு எல்லார் மேலும் எரிச்சல். கழுதை ஏற ஏற, ஏணிக்கு முழங்கால் முளைத்தது. முதலில் ஒரு கால் மடிந்தது. பிறகு ஏணி கொஞ்சம் யோசித்தது. பிறகு அடுத்த காலும் மடிந்து, மொத்தமும் தெருவில் பொத்தென்று உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயைத் துண்டு போல் இழுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டது. மேலே கழுதை வெறும் காற்றில் ஏறிக்கொண்டிருந்தது. மல்பெரி தெருவில் ஆறு மாடிக்கு ஐஸ் கட்டி சுமக்கும் அவள் அப்பா மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்காரும் விதம் அது. அந்த யோசனை வரைக்கும் அப்படியே.

பக்கத்து மேசைப் பெண்களுக்குக் குனிந்த முதுகு ஒன்று தெரிந்தது. குனிந்த முதுகு எல்லாம் ஒன்றுதான். திருமதி டெஷ் மட்டும் வந்து எட்டிப் பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போனாள்.

அந்தத் திருமதி டெஷ்ஷிடம்தான் நுன்சியாத்தா இப்போது போய் நின்றாள்.

“நீங்க பாத்தீங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“நான் என்னத்தப் பாத்தேன்?” டெஷ் பேனா முள்ளைத் துடைத்தபடியே பேசினாள். “மைக்காரி வரையக் கூடாதுங்கறது இங்க சட்டம். வரைய விட்டது யாருன்னு அடுத்த கேள்வி வரும். என் சீட்டைக் கிழிச்சு உனக்கு நாற்காலி செய்யணுமாக்கும்? போடி, போய்ப் புதுப் படத்துப் பசுமாட்டுக்கு மை போடு.”

“உங்க வாயில நாக்கு இருக்கா, இல்ல அதையும் கழுவிட்டீங்களா?”

கழுவியது உண்மை. காமிரா வேலை முடிந்ததும் செல்லுலாய்ட் தாள்களைத் தொட்டியில் போட்டு மையைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது வழக்கம். ஏணி உட்கார்ந்த நாற்பது தாளும் பிப்ரவரியிலேயே கழுவப்பட்டு, வேறு படத்தின் மாடாகவும் மேகமாகவும் அலைந்துகொண்டிருந்தன. மத்தியானம் நுன்சியாத்தா, ரொட்டிக்குள் வைத்த பொரித்த மிளகாயும் முட்டையும் கையில் இருக்க, சாப்பிடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றில், மாட்டின் வயிற்றுக்குள், பேனா கீறிய முடி போன்ற ஒரு கோடு தெரிந்தது. முழங்காலாக இருக்கலாம். வெறும் கீறலாகவும் இருக்கலாம்.

*

மறுநாள் காலை ஹான்ரட்டி சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். கண் சிவந்திருந்தது; ஆனால் குடித்த சிவப்பு இல்லை, தூங்காத சிவப்பு. நாற்பது காகிதங்களைச் சீட்டுக்கட்டைப் போல விசிறி பிரம்னிக்கின் மேசையில் போட்டான். ஓரத்தில் நாற்பத்தொன்று முதல் எண்பது வரை அவன் கையெழுத்தில் எண்.

பிரம்னிக் கட்டை இடது கையில் பிடித்து வலது கட்டைவிரலால் விசிறினார். ஏணி முழங்காலை மடித்தது, யோசித்தது, உட்கார்ந்தது, துடைத்துக்கொண்டது.

நுன்சியாத்தா எட்டிப் பார்த்தாள். அவள் வரைந்ததைவிட நன்றாக இருந்தது. கோடு ஒவ்வொன்றும் எண்ணெய் போட்டது போல் ஓடியது. தியேட்டரில் எத்தனை தடவை உட்கார்ந்து பார்த்தானோ, அந்த யோசனையைக்கூட விடாமல் பிடித்திருந்தான்.

“சரி” என்றார் பிரம்னிக். “முடிஞ்சுது. பொண்ணே, உன் கையுறைய டெஷ்கிட்ட ஒப்படைச்சிட்டு வீட்டுக்குப் போ. அடுத்தவன் படத்தைத் தன்னுதுன்னு சொல்ற கை எனக்கு வேணாம்.”

“அடுத்த தடவை சின்னதா எதையாவது திருடு கண்ணு” என்றான் ஹான்ரட்டி. “நாற்காலி, பெஞ்சி, இப்படி. ஏணி உயரம் ஜாஸ்தி.”

“நான் ஒரு தடவை பாக்கலாமா?”

“பாரேன். பாத்துக் கத்துக்கோ.”

கட்டை வாங்கினாள். ஆறு வருடமாகக் காலையிலிருந்து சாயந்திரம் வரை செய்ததையே அவள் கை செய்தது. கட்டைவிரல்கள் இரண்டும் தாமாகவே காகிதத்தின் அடி ஓரத்துக்குப் போய்த் துளைகளைத் தேடின. பலகையில் இருக்கும் முளைகளில் துளையை மாட்டினால்தான் ஒரு படத்தின்மேல் அடுத்த படம் இம்மி பிசகாமல் உட்காரும். பென்சில்காரர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அலமாரியில் துளையிட்ட காகிதம் இருக்கும், கை நீட்டுவார்கள், மாட்டுவார்கள், வரைவார்கள். துளையிடுவது யார், எப்போது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. மைக்காரிகளுக்கு அது மட்டும்தான் தெரியும்.

அவள் கட்டைவிரல் ஒரு நீளத் துளையில் இறங்கியது.

அப்படியே நின்றாள். பிறகு காகிதங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

“அழப் போகுது” என்றான் ஹான்ரட்டி.

அழுதுகொண்டு அவள் வரவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய பலகையை ஒரு கக்கத்திலும், கழுதைப் படத்தின் பென்சில் காகிதக் கட்டை மறு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்து, ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு, பலகையை மேசையில் வைத்தாள். நாற்பதாவது காகிதத்தை மாட்டினாள். இரண்டு வட்ட முளை, இரண்டு வட்டத் துளை, சட்டென்று உட்கார்ந்தது.

“இது ஜனவரியில லாரி வரைஞ்சது. இப்ப நாப்பத்தொண்ணை மாட்டுங்க சார்.”

பிரம்னிக் ஹான்ரட்டி கொண்டுவந்ததை எடுத்து வைத்தார். உட்காரவில்லை. நடுவில் ஒரு வட்டம், இரு பக்கமும் ஒவ்வொரு நீளத் துளை. முளைகளுக்கு மேல் காகிதம் கூரை போல் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் விரலால் அழுத்தினார். காகிதம் கிழிந்தது.

“மூணு துளை போடற மெஷின் மார்ச் ஒண்ணாம் தேதிதான் வந்துச்சு” என்றாள் நுன்சியாத்தா. “புதுக் காமிராவோட. வாங்கினதே நீங்கதான். ஜனவரியில வரைஞ்ச காகிதத்துல மார்ச் மாசத்துத் துளை எப்படி வந்துச்சு லாரி? ஏணி நடந்துபோய்ப் போட்டுக்கிட்டு வந்துச்சா?”

ஹான்ரட்டி காகிதத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தான், அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல. ஒரு ராத்திரி முழுவதும் நாற்பது தடவை அந்தக் கைதான் புதுக் காகிதக் கட்டிலிருந்து தாள் தாளாக எடுத்திருந்தது.

“தேவிடியா...” என்று தொடங்கினான்.

“வாய மூடு” என்றார் பிரம்னிக். கூரையாக நின்ற காகிதத்தை எடுத்து மடித்தார், மறுபடி மடித்தார், குப்பைக் கூடையில் போட்டார். மீதி முப்பத்தொன்பதைப் போடவில்லை. இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதை நுன்சியாத்தா கவனித்தாள்.

“வீட்டுக்குப் போக வேணாம்” என்றார். “ஜன்னலோரத்து நாற்காலிய எடுத்துக்கோ.”

 இன்னும் முடியவில்லை என்பது அவர் குரலில் இருந்தது.

“ஆனா ஒண்ணு. நேத்தே, காகிதம் வர்றதுக்கு முன்னாடியே, தந்திக்குப் பதில் போயாச்சு. ஏணிக்காரன் பேரு லாரி ஹான்ரட்டின்னு சொல்லியாச்சு. பத்திரிகைக்குப் படம்கூட அனுப்பியாச்சு. அதனால நீ வரை. பேரு அவனுது.”

“அவர் என்ன செய்வாரு?”

“கழுதைய வரைவான்.”

“பொருத்தம்தான். என் பேரைப் போட்டா என்ன சார்?”

“பொம்பளை பேரைப் பாத்தா தியேட்டர்காரன் சிரிப்பான்.”

“சிரிக்கத்தானே சார் காசு கொடுத்து வராங்க?”

பிரம்னிக் இதற்கும் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். அடுத்த படத்தின் தொடக்கத்தில் காட்டும் பெயர் அட்டை. நாலாவது வரி வெள்ளைப் பென்சிலில் லேசாகக் கோடிட்டிருந்தது: அசைவு: லாரி ஹான்ரட்டி. மேலே வெள்ளை மை ஏற்றினால் போதும். “பதினோரு மணிக்குக் காமிராவுக்குப் போகணும். இந்த வரிய எழுதிட்டுப் போய் நாற்காலியில உட்காரு. எழுத மாட்டேன்னா டெஷ்கிட்ட கையுறைய கொடு. ரெண்டுல ஒண்ணு.”

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் திருமதி டெஷ் ஒரு செல்லுலாய்டைத் துடைப்பது போல நின்றுகொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள். ஹான்ரட்டி தொப்பியை எடுத்தான், போகவில்லை.

நுன்சியாத்தா மேசையிலிருந்த வெள்ளைப் பென்சிலையும் அழிப்பானையும் எடுத்தாள். அந்த நாலாவது வரியை அவசரமில்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை, கறுப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாதபடி அழித்தாள். துகளை ஊதினாள். பிறகு அட்டையைத் திருப்பி, பிரம்னிக்கின் பக்கம் அல்ல, ஹான்ரட்டியின் பக்கம் நகர்த்தி, பென்சிலை அதன்மேல் வைத்தாள்.

“உங்க கையெழுத்து நல்லா இருக்கும் லாரி. நுன்சியாத்தா கஃபியேரோன்னு நீங்களே எழுதிக் கொடுங்க. நான் மை போடறேன்.”