தட்டைப் பக்கம்

பராமரிப்புத் துறையின் உயர்திரு துணை இயக்குநர், இதுவரை நாற்பத்தொரு சுற்றறிக்கைகள் வெளியிட்டவர், ‘துருவே நம் முதல் எதிரி’ என்னும் சொற்பொழிவை ஒன்பது ஊர்களில் ஆற்றியவர், அன்று காலை பத்து மணிக்கு மாடிப்படிக்கு அடியில் மண்டியிட்டு, செடி வெட்டும் கத்தரி ஒன்றைத் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

கத்தரி அவருடைய அம்மாவுடையது. தோட்டத்துக்கு அம்மாதான் சர்வாதிகாரி. படுக்கையில் விழுந்து ஐந்து மாதம், கண்ணும் மங்கிவிட்டது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் உள்ளறையிலிருந்து குரல் வரும்.

“என்ன ஆபீசர், கத்தரியத் தொடச்சியா? மொதல்ல செடிப்பால் கறை போகணும். அப்புறம் சரிவா இருக்கிற பக்கத்த மட்டும் தீட்டு. தட்டைப் பக்கத்துல கல்லே படக்கூடாது. கடைசியா எண்ணெய்.”

“ஆச்சும்மா” என்பார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, அம்மா ‘மொதல்ல’ என்று தொடங்கும்போதே.

அன்று காலை மருந்தைத் தள்ளிவிட்டு அம்மா கேட்டது கத்தரியை.

மனைவி படியருகே வந்து நின்றாள். “என்னங்க, அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“சமையல் எண்ணெய் கொஞ்சம் எடுத்துட்டு வா.”

“பிசுபிசுன்னு ஒட்டும். கண்டுபிடிச்சிருவாங்க.”

“கண்ணுதான் தெரியலயே!”

“கை இருக்குல்ல.”

எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, ஒருவழியாக அதன் வாயைத் திறந்து அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா கட்டைவிரலை அலகின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். சொரசொரவென்றது. அந்தச் சின்ன அறையில் அது லாரி போவதுபோல அவருக்குக் கேட்டது. விரல் செம்பழுப்பாகத் திரும்பி வந்தது. அம்மா அதைச் சுட்டுவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள்.

“நல்லா வச்சிருக்கடா” என்றாள்.

‘ஆபீசர்’ என்று சேர்க்கவில்லை.

மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

நாலரைக்குள் கூடம் நிறைந்தது. அம்மாவின் கடைசி வார்த்தை அதற்குள் உறவெல்லாம் பரவியிருந்தது. தாய்மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நாற்காலி நாலு சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால் பேசாமல் இருக்க மாட்டார். தொண்டையைச் செருமினார்.

“அக்கா குடுத்து வச்சவ. பெத்தவளையும் பாத்துக்கிட்டான், அவ சாமானையும் புதுசு மாதிரி வச்சிருந்தான் இவன். நான் சொல்லல, அவளே வாயால சொல்லிட்டுப் போயிருக்கா!”

வந்தவர்கள் தலையாட்டி மெச்சினார்கள். நாற்பத்தொரு சுற்றறிக்கைகளுக்கும் கிடைக்காத பாராட்டு. துணை இயக்குநர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மனைவி ஈரத்துணியால் அத்தையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ரேகைக்குள்ள எறங்கிடுச்சு. சோப்புப் போட்டும் போகல.”

“குடு.”

வாங்கி அவர் துடைத்தார். தண்ணீரை மாற்றி மறுபடி துடைத்தார். கட்டைவிரலில் அந்தப் பழுப்புக் கோடுகள் அப்படியே இருந்தன.

“விடுங்க” என்றாள் மனைவி. “அவங்க ஒண்ணும் சொல்லலியே.”

அவர் விடவில்லை. வெளியே வண்டி வந்துவிட்டதென்று மாமா குரல் கொடுத்த பிறகுதான் துணியைக் கீழே வைத்தார்.

மறுநாள் எல்லோரும் போனதும், அம்மாவின் தீட்டுகல்லோடு தோட்டத்தில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு மனைவி இருமுறை கூப்பிட்டாள், எழவில்லை. துரு முழுக்கப் போயிற்று. அலகு கண்ணாடிபோல மின்னியது. சரிவான பக்கம் நூறு இழுப்பு, தட்டைப் பக்கம் நூறு இழுப்பு. உள்ளங்கையில் கொப்புளம். எண்ணெயும் போட்டார், இம்முறை மெஷின் எண்ணெயாகவே.

பிறகு அம்மா வளர்த்த செம்பருத்தியில் ஓர் இளங்கிளையைக் கத்தரியின் வாய்க்குள் கொடுத்து அழுத்தினார்.

கிளை மடங்கியது. வெட்டுப்படவில்லை.