திரும்பிப் பார்க்கும் பெயர்

தைஃபூர் என்று கூப்பிட்டால் அவன் திரும்ப மாட்டான். அம்மா வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நடந்துகொண்டே இருப்பான்.

சப்ரியே இப்படி நினைத்தபடி புகையிலைகளை ஊசியில் கோத்துக்கொண்டிருந்தாள். விடியற்காலைக் கனவின் ஈரம் இன்னும் விரல்களில் இருந்தது. கனவில் எப்போதும் அதே புகையிலைக் கொல்லை, அதே பனி. இலைகளுக்கு மேலே மகனின் உச்சந்தலை மட்டும் மிதந்து போகும். "மிலென்" என்பாள். தலை நிற்கும், திரும்பும். முகம் தெரிவதற்குள் பனி மூடிவிடும்.

அவன் பிறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் பல்கேரியாவை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள் போலீசோடு வந்து, ஊரிலிருந்த துருக்கியர் எல்லாருக்கும் சொந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பல்கேரியப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஸ்னெஷானா. அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் மனதாரத் திரும்பியதில்லை. குழந்தைக்கு மிலென் என்று எழுதியவன் நகராட்சிக் குமாஸ்தா. கணவன் ரெம்ஸி வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையின் காதில் தைஃபூர் என்று ஓதினான். அதற்குப் பிறகு அதை யாரும் சொல்லக் கூடாதென்று தடுத்தவள் அவள்தான். பிள்ளை தெருவில் உளறினால் ரெம்ஸியைக் கொண்டுபோய்விடுவார்கள்.

பிள்ளை மூன்று வயதில் காய்ச்சலில் போனான். அடுத்த ஆண்டே ஆட்சியும் போனது. எல்லாரும் தங்கள் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது இடுகாட்டில் பல்கேரியப் பெயர் பொறித்த கல்லறைக் கற்களை எடுத்துவிட்டு, துருக்கியப் பெயரோடு புதுக் கல் நடுகிறார்கள். செத்தவர்களுக்குத்தான் பாவம் தூக்கமே இல்லை, ஆளாளுக்கு எழுப்பிப் பெயர் கேட்கிறோம் என்று கல்தச்சன் சிரித்தானாம். ரெம்ஸி சிரிக்கவில்லை. கட்சிக்காரர்கள் மாட்டிய பெயர் விலங்கோடு பிள்ளையை இன்னும் எத்தனை காலம் மண்ணில் வைத்திருப்பது என்று கேட்டான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை நம்ம பிள்ளைக்குப் புதுக் கல் நடறோம், சப்ரியே. கல்லை நட்டதும் நீ ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும். அம்மா கூப்பிட்டாத்தான் சரியா இருக்கும்."

"எந்தப் பேரை?"

"தெரியாத மாதிரி கேக்காத. அந்தக் குமாஸ்தா வெச்சதையா?"

"வெச்சது அவன். கூப்பிட்டது நான். சாப்பிடக் கூப்பிட்டேன், தூங்கக் கூப்பிட்டேன். கடைசியில கண்ணத் தொறக்க முடியாதப்பவும் அதுக்குத்தான் தலையத் திருப்பினான்."

ரெம்ஸி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு, எனக்காக ஒரே ஒரு தடவை என்றான்.

அவள் அடுத்த இலையை எடுத்து நரம்பில் ஊசியை ஏற்றினாள்.

"பழைய கல்ல எடுக்காதீங்க," என்றாள். "நான் வரல."